பெயரைக் காப்பதும் தொழிலைக் காப்பதும்: தமிழ்நாட்டின் வட்டாரத் தொழில்களுக்கான அரசு ஆதரவு

கேள்வி

அசோக் நகரிலிருந்து நூறடிச் சாலையில் தெற்கே சென்றால், ஈக்காட்டுத்தாங்கலைக் கடந்ததும் கிண்டி வந்துவிடும். அங்கே ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில்தான் இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் இயங்குகிறது. டார்ஜிலிங் தேயிலையானாலும் பத்தமடைப் பாயானாலும் அதன் பெயர் பதிவாவது இங்கேதான். அதே கிண்டியில் 1958-இல் தொடங்கப்பட்ட திரு.வி.க. தொழிற்பேட்டை இருக்கிறது, சிறுதொழில் வளர்ச்சிக்கான மாநில, ஒன்றிய அலுவலகங்களும் இருக்கின்றன. அசோக் நகருக்கு மறுபக்கம் தியாகராய நகர். காஞ்சிப் பட்டின் மிகப் பெரிய சில்லறைச் சந்தைகளில் ஒன்று அது. வட்டாரப் பொருள் ஒன்றின் பெயரைப் பதிவதும், அதற்குத் திட்டம் தீட்டுவதும், அதை விற்பதும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் முடிந்துவிடுகின்றன. செய்பவர்கள் மட்டும் பவானியிலும் நரசிங்கம்பேட்டையிலும் கீழ்ப்பழனி மலையிலும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் 60-க்கும் மேற்பட்ட பொருள்கள் இதுவரை புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் ஊர்ப்பெருமையின் வெற்றியாக அது கொண்டாடப்படுகிறது. அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் அதற்குப் பின்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அரசின் ஆதரவு பொருளின் பெயரைச் சேர்கிறதா, அதைச் செய்பவரின் பிழைப்பைச் சேர்கிறதா? இரண்டும் ஒன்றே என்ற அனுமானத்தில்தான் திட்டங்கள் எழுதப்படுகின்றன. சான்றுகளை அருகில் வைத்துப் பார்த்தால் அந்த அனுமானம் தாக்குப்பிடிக்கவில்லை.

பழைய வாதம்

அரசு எவ்வளவு தூரம் போகலாம் என்ற விவாதம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் சாட்டர்ட்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைப் பரிசோதனையாகத் தொடங்கினார். கன்னார்களின் கைத்திறனைப் புதிய உலோகத்துக்குத் திருப்புவது நோக்கம். அது வெற்றி பெற்றுத் தனியார் நிறுவனமாக மாறியது. அடுத்து குரோம் முறையில் தோல் பதனிடுவதையும், சேலத்தில் மேம்படுத்திய தறிகளைக் கொண்ட நெசவுக்கூடத்தையும் அவர் முயன்றார். நெசவாளர்கள் ஒரு கூரையின் கீழ், மணியடித்து வேலைக்கு வந்துபோகும் ஒழுங்கை விரும்பவில்லை. வீட்டுத்தறி என்பது குடும்பம் முழுவதும் தன் நேரத்துக்கு உழைக்கும் ஏற்பாடு என்பதை அந்தத் திட்டம் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

ஐரோப்பிய வணிகர்கள் இவற்றை எதிர்த்தார்கள். 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு, அரசு வணிக முறையில் தொழில் நடத்துவதை ஏற்க மறுத்தார். தொழிற்கல்வி தரலாம், செய்து காட்டலாம், அதற்கு மேல் போகக் கூடாது என்பது அவர் நிலை. எல்லை எங்கே என்ற அந்தச் சிக்கல் 1916-இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் மீண்டும் எழுந்தது. விடுதலைக்குப் பின் 1952-இல் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் தலைமையில் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியமும், 1973-இல் தமிழ்நாடு தொடங்கிய கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகாரும் மார்லி கிழித்த கோட்டைத் தாண்டியவை. அரசே கொள்முதல் செய்தது, அரசே கடை வைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய திருப்பம் ஒன்று உண்டு. சாட்டர்ட்டன் காலத்தில் நவீனம் என்று முன்வைக்கப்பட்டது குரோம் பதனிடல். ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிடும் பழைய முறை அப்போது பின்தங்கியதாகக் கருதப்பட்டது. நூறாண்டு கழித்துப் புவிசார் குறியீடு பெற்றதோ தாவர முறையில் பதனிட்ட ‘கிழக்கிந்தியத் தோல்’. எந்தத் தொழில் வட்டாரத்தின் தனித்தன்மை, எது மாற்றப்பட வேண்டிய பழைமை என்று அந்தந்தக் காலத்து அரசு செய்யும் தீர்ப்பு நிலையானதல்ல.

சட்டம் தருவதும் தராததும்

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. உலக வணிக அமைப்பின் ஒப்பந்தக் கடமை ஒரு காரணம். 1997-இல் அமெரிக்க நிறுவனமொன்று பாசுமதி வகைகளுக்குக் காப்புரிமை பெற்றதால் எழுந்த அச்சம் இன்னொன்று. ஆக, சட்டத்தின் பிறப்பிலேயே அயலார் களவிலிருந்து பெயரைக் காக்கும் நோக்கம்தான் முன்னால் நின்றது. உள்ளூரில் யார் எவ்வளவு பெறுகிறார் என்பது அதன் பார்வையில் படவில்லை.

சட்டத்தில் இரண்டு நிலையினர் இருக்கிறார்கள். விண்ணப்பித்துப் பெயரைப் பதிவு செய்யும் அமைப்பு ஒரு நிலை. அது சங்கமாகவோ கூட்டுறவாகவோ அரசு நிறுவனமாகவோ இருக்கலாம். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தனி உரிமை மற்றொரு நிலையினருக்கு, அதாவது ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியே பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளருக்குத்தான். ஆகவே ஓர் ஊரின் பொருளுக்குக் குறியீடு கிடைத்துவிட்டதாலேயே அந்த ஊரிலுள்ள ஒவ்வொரு நெசவாளருக்கும் சட்ட உரிமை வந்துவிடுவதில்லை. ஒவ்வொருவரும் படிவம் நிரப்பி, தாம் அதே பொருளை அதே முறையில் செய்பவர் என்று காட்டிப் பதிய வேண்டும். இந்தப் பதிவுக்கு 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020-ஆம் ஆண்டு விதித்திருத்தம் 10 ரூபாயாகக் குறைத்தது. தடை கட்டணத்தில் இருக்கிறது என்ற கணிப்பின் விளைவு அது. தடை அதைவிட ஆழத்தில் இருக்கிறது: பதிந்துகொண்டால் தனக்கு என்ன கிடைக்கும் என்பது தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவருக்கு விளங்கும்படி எதுவும் நடக்கவில்லை.

போலிக்குத் தண்டனை உண்டு: ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். எழுத்தில் இது கடுமையான சட்டம். ஆனால் வேற்று மாநிலச் சந்தையில் விற்கும் போலியைக் கண்டுபிடித்து, வழக்கறிஞர் வைத்து, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டியவர் யார்? தேயிலை வாரியத்துக்கு அதற்கான ஆளும் பணமும் உண்டு. பத்தமடையில் கோரை ஊறவைத்துப் பாய் முடையும் பெண்களுக்கு இல்லை.

குறியீட்டை ஆதரிப்பவர்கள் விலை உயர்வைச் சுட்டுகிறார்கள்; தனித்த பெயருக்கு நுகர்வோர் கூடுதலாகத் தருவார் என்பது அவர்கள் வாதம். ஐயுறுபவர்கள் போலிகள் தடையின்றி விற்பதைச் சுட்டுகிறார்கள். இரு தரப்பும் பெயரைச் சுற்றியே நிற்கின்றன. பெயருக்கு முன்பே தீர்மானமாகிவிடும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மூலப்பொருள் யார் கையில்? விற்பனை யார் கையில்?

மூலப்பொருள்

கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழை இதற்கு மிகத் தெளிவான சான்று. காபித் தோட்டங்களில் நிழலுக்காகவும் ஊடுபயிராகவும் வளர்க்கப்பட்ட இந்த மலைவாழை, 1970-களில் முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. குருத்திலைகள் குறுகி, நுனியில் கொத்தாகத் திரண்டு, மரம் குலை தள்ளாமலே நின்றுவிடும். தாய்மரத்தின் பக்கக்கன்றை எடுத்து நடுவதுதான் வழக்கம் என்பதால், கன்றோடு நோயும் அடுத்த தோட்டத்துக்குப் போயிற்று. பெயர், புகழ், சந்தை மூன்றும் இருந்தும் பயிர் சுருங்கியது.

மீட்டது வேளாண் அறிவியல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாய்மரங்களில் வைரஸ் இல்லையென்று சோதித்து உறுதிசெய்து, திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. உழவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டார்கள். புவிசார் குறியீடு அதன் பிறகு, 2008-09-இல் வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிரான பழம் இந்த வாழையே. அந்தப் பஞ்சாமிர்தமும் 2019-இல் குறியீடு பெற்றது. நோயற்ற கன்று இல்லாவிட்டால் இரண்டு குறியீடுகளும் வெறும் காகிதமாகியிருக்கும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல ஆண்டு நடந்த அந்த வேலையை யாரும் மேடை போட்டுக் கொண்டாடவில்லை. ஒரு வட்டாரப் பயிருக்கு அரசு செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி அதுதான் என்று நான் கருதுகிறேன்.

கைவினைக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் குறியீடு கிடைத்தது. அதற்கு வேண்டியது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. பல பத்தாண்டுகள் காய்ந்து ஈரமெல்லாம் வற்றிய கட்டைதான் துளையிட்டுக் கடையும்போது வெடிக்காமல் நாதத்தைத் தாங்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் இந்தக் கைவினையாளர்களின் கச்சாப்பொருள். பழைய ஓட்டு வீடுகள் குறையக் குறைய அந்த வரத்தும் குறைகிறது. கடன் தரும் திட்டம் ஒன்று இவர்களுக்குக் கடைசல் பொறி வாங்க உதவலாம். கடைய மரம் வேண்டுமே. அரசுக் கட்டடங்களையும் பழைய சத்திரங்களையும் இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை ஏலத்தில் விறகுக் கணக்கில் விடாமல், ஒரு கிடங்கில் சேர்த்து, கைவினையாளருக்கு நியாய விலையில் தர முடியும். பொதுப்பணித்துறையின் ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடிய காரியம் இது. தஞ்சாவூர் வீணைக்கு வேண்டிய பலா மரத்துக்கும் இதே கவலை உண்டு. பண்ருட்டிப் பலாவுக்கும் இப்போது குறியீடு இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த பலா மரம் எங்கே போகிறது என்பதை வேளாண் துறையும் கைவினைத் துறையும் சேர்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. ஒன்று உழவர் நலத்துறையின் கோப்பு, மற்றது பூம்புகாரின் கோப்பு.

காஞ்சிபுரம் வேறு வகையான கேள்வியை எழுப்புகிறது. அங்கே நெய்யப்படும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை நெடுங்காலமாகச் சூரத்திலிருந்தும் வருகின்றன. அந்த ஊருக்கே உரியது கோர்வையும் பேட்டும் போடும் கை. உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைக்கும் நுட்பம். சட்டமும் இதை ஏற்கிறது: செய்பொருள் என்றால் உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு ஆகியவற்றில் ஒன்று அந்த ஊரில் நடந்தால் போதும். அப்படியானால் காஞ்சிபுரத்தின் மூலப்பொருள் கைத்திறனே. அந்தக் கைகளுக்கு இன்று போட்டி எங்கிருந்து வருகிறது? இருங்காட்டுக்கோட்டையிலும் திருப்பெரும்புதூரிலும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து எழுந்த கார், மின்னணுத் தொழிற்சாலைகளிலிருந்து. நெசவாளரின் மகன் மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஷிப்ட் பேருந்து என்று போகிறான். அவனைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. அரசே நிலமும் சலுகையும் கொடுத்து வரவழைத்த தொழில்கள் அவை. ஒரு கையால் தறியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு மறு கையால் தறியிலிருந்து ஆளை எடுப்பது முரண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது முரணாகத் தோன்றவில்லை. தறியின் வருமானமும் பாதுகாப்பும் தொழிற்சாலைக்கு ஈடாக உயர வேண்டும் என்ற அளவுகோலை அந்தத் தொழிற்சாலைகள் நமக்குத் தந்திருக்கின்றன.

கூலியும் விற்பனையும்

அந்த அளவுகோலில் நிலைமை என்ன? 2019-20-இல் வெளியான நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2009-10-இன் கணக்கில் அந்த எண்ணிக்கை 43.31 லட்சம். நெசவுக் குடும்பங்களில் 66 விழுக்காட்டுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன. இந்தப் பத்தாண்டுதான் புவிசார் குறியீடுகள் வேகமாகப் பெருகிய பத்தாண்டும். குறியீட்டினால் வருமானம் குறைந்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. குறியீடு பெறாத நெசவும் இந்தக் கணக்கில் அடங்கும். குறியீடு மட்டும் இந்தச் சரிவைத் தடுத்து நிறுத்தப் போதுமானதாக இல்லை என்று சொல்ல இது போதும்.

பவானி ஜமக்காளத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைத்துணியின் போட்டிக்கு மாற்றாகத் தடித்த வண்ண நூலில் நெய்யத் தொடங்கிய விரிப்பு இது. சட்டம் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 2005-06-இல், குறியீடு பெற்றது. அதற்கு இரட்டைக் காப்பு இருக்கிறது. கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பொருள்கள் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இன்றுள்ள 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. விசைத்தறியில் அதை நெய்வதே குற்றம். இருந்தும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் பவானியின் பெயரிலேயே, பவானியின் சுற்றுவட்டாரக் கடைகளில்கூட விற்கின்றன என்பது அங்குள்ள நெசவாளர்களின் நீண்டகால முறையீடு. இரண்டு சட்டங்கள் காக்கும் ஒரு பொருளின் நிலை இது. ஒதுக்கீட்டுச் சட்டமே முதல் எட்டாண்டுகள் வழக்கில் சிக்கி, 1993-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்த பின்தான் உயிர்பெற்றது. அதற்குள் நெசவின் வரைபடம் மாறிவிட்டது.

மாநில அரசின் நிலையும் இங்கே எளிதானதல்ல. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். விசைத்தறியை நம்பி ஈரோட்டிலும் கரூரிலும் பள்ளிப்பாளையத்திலும் வாழும் தொழிலாளரும் ஏழைகளே. அவர்களைக் கைவிடச் சொல்வது நியாயமில்லை. ஆனால் 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் போன்ற பெருங்கொள்முதல்களில் எந்தப் பங்கு எந்தத் தறிக்கு என்று அரசு முடிவு செய்யும்போது, ஆயிரம் குறியீட்டு விழாக்களைவிட அதிகமாக அது ஒரு தொழிலின் விதியை எழுதுகிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் முக்கியமாக இருப்பது இதனால்தான். தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் நெசவாளருக்கு நூல் கொடுத்து, துணியைப் பெற்றுக் கூலி கொடுக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் அந்தத் துணியை விற்கிறது. விற்பனை தேங்கும் ஆண்டுகளில் சங்கத்தில் நூல் குறையும், கூலி தாமதமாகும். இந்தக் குறைகளை எல்லா நெசவூர்களிலும் கேட்கலாம். ஆனால் தனி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்ட நெசவாளரோடு ஒப்பிட்டால், சங்கத்து நெசவாளருக்குக் கூலி கேட்க ஓர் இடமும் தேர்தலில் வாக்கும் இருக்கின்றன.

கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடுமா? சேலம் ஜவ்வரிசி அதற்கு எச்சரிக்கையான பதில் தருகிறது. ஜவ்வரிசி ஆலைகள் இடைத்தரகர்களிடம் சிக்கியிருந்த காலத்தில், 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு தொடங்கப்பட்டது. ஆலைகள் சரக்கைக் கிடங்கில் வைத்து அதன்மேல் முன்பணம் பெறலாம். மாதிரி பார்த்து வணிகர்கள் இரகசிய ஒப்பந்தப்புள்ளி போடுவார்கள். சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் கட்டாயம் ஆலைக்காரருக்குக் குறைந்தது. 2023-இல் ஜவ்வரிசிக்குக் குறியீடு பெற்றதும் இந்த அமைப்புதான். அரசு ஆதரவு ஒரு வட்டாரத் தொழிலை நிலைநிறுத்தியதற்கு இது உண்மையான சான்று. ஆனால் சேகோசர்வின் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். மரவள்ளி விளைவிக்கும் உழவர் அதில் இல்லை. அவருடைய கிழங்குக்கு மாவுச்சத்தின் அளவைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை போடுவது ஆலை. அளக்கும் கருவியும் ஆலையினுடையது. விலை சரியும் ஆண்டுகளில் சேலம், நாமக்கல், தருமபுரி உழவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் கேட்டு நிற்பது இதனால்தான். ஒரே பொருளில், ஒரே வட்டாரத்தில், அமைப்பாகத் திரண்டவர் வரைக்கும் ஆதரவு வந்து நின்றுவிட்டது.

உலகப் புகழுக்கும் கூலிக்கும் இடையிலுள்ள தூரத்தை டார்ஜிலிங் காட்டுகிறது. கிண்டிப் பதிவகத்தின் முதல் பதிவு அது. உலகெங்கும் பெயர் காக்கப்பட்ட தேயிலை. 2023-இல் மேற்கு வங்க அரசு தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் இடைக்கால நாள்கூலியை 232 ரூபாயிலிருந்து 250 ரூபாயாக உயர்த்தியது. இலை பறிப்பவர் அந்தப் பெயரின் உரிமையாளர் அல்ல, பயனாளராகப் பதிந்தவரும் அல்ல.

குடும்பமா, தொழிலா

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்கு இன்னொரு பரிமாணம் உண்டு. இங்கே கைத்தொழில் என்றால் சாதி என்ற நினைவு உடனே எழும். 1953-இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே காமராசர் அரசு அதைக் கைவிட்டது. 2023 செப்டம்பர் 17-இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு, 13,000 கோடி ரூபாயில் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது அந்த நினைவு திரும்பியது. குடும்பத்தின் வழிவழித் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது. ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் அந்த வடிவில் செயல்படுத்த மறுத்தது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 தொழில்கள், மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், குடும்பத் தொழில் நிபந்தனை கிடையாது.

மாநிலத்தின் கொள்கை சரியானது. தொழிலைப் பிறப்போடு கட்டும் எந்த ஆதரவும், அந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து வரக்கூடிய ஆளை வாசலிலேயே நிறுத்துகிறது; உள்ளே இருப்பவரை வெளியே போகவிடாமலும் பார்க்கிறது. ஆனால் 35 வயது என்ற வரம்பு எனக்கு உறுத்துகிறது. படிக்க வேண்டிய பிள்ளை தறிக்குத் திருப்பப்படக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. கல்லூரி முடித்து 24 வயதில் சிற்பமோ வீணைத் தச்சோ கற்க விரும்பும் ஒருவருக்கு அதே வரம்பு கதவை அடைக்கிறது. கடனுக்கு வயது வரம்பு இருக்கட்டும். பயிற்சிக்கு உதவித்தொகையோடு தனி வழி வேண்டும்.

அதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியது. கணபதி ஸ்தபதியின் பொறுப்பில் வளர்ந்து, இன்று பட்டம் தரும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. மரபுக் குடும்பத்து ஆசான்களின் அறிவு, பிறப்பைக் கேட்காத வகுப்பறைக்கு வந்தது. படித்தவர்கள் அந்த ஊரிலேயே பட்டறை வைத்தார்கள். கோயில் திருப்பணியும் சுற்றுலாவும் வேலை கொடுத்தன. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குக் குறியீடு கிடைத்தபோது, அது அறுபது ஆண்டு வளர்ந்துவிட்ட ஒரு தொழிலின்மேல் வைத்த முத்திரை. விருப்பாச்சி வாழையில் கண்ட அதே வரிசை இங்கேயும் இருக்கிறது: முதலில் அறிவும் ஆளும், பிறகு பெயர்.

ஓயிட்டா

‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ என்ற முழக்கத்தின் மூலம் ஜப்பானின் ஓயிட்டா மாகாணம். 1979-இல் ஆளுநர் மொரிஹிகோ ஹிரமாட்சு ‘ஒரு கிராமம் ஒரு பொருள்’ இயக்கத்தை அங்கே தொடங்கினார். அதற்கும் முன்னோடி, 1961-இல் ஒயாமா என்ற மலையூர், அரசு வற்புறுத்திய நெல்லை விட்டுப் பிளம், செஸ்ட்நட் மரங்களுக்கு மாறியது. ஹிரமாட்சு நேரடி மானியம் தருவதைத் தவிர்த்தார். ஆய்வு நிலையம், சந்தைத் தொடர்பு, ஆட்களுக்குப் பயிற்சி ஆகியவற்றில் செலவிட்டார். பொருளைத் தேர்ந்தது ஊர். இந்தியாவில் 2018-இல் உத்தரப் பிரதேசம் இதை ஏற்றபோதும், 2020-இல் 10,000 கோடி ரூபாயில் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான ஒன்றியத் திட்டத்திலும், பொருளைத் தேர்ந்தது நிர்வாகம். 35 விழுக்காடு மானியத்தோடு கடன் முன்னால் வந்தது. கடன் வாங்கத் தகுதியுள்ளவர் ஏற்கெனவே ஓரளவு நிலை பெற்ற தொழில்முனைவர்தான். வெல்லம் காய்ச்சும் கூலியாள் அல்ல.

புதுப்பித்தல்

புவிசார் குறியீடு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. இப்போது அது கட்டணம் செலுத்திக் காலத்தை நீட்டிக்கும் சடங்காக இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் தலைமுறைக் குறியீடுகள் ஏற்கெனவே இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டன; மதுரை மல்லி, தோடர் பூவேலை, செட்டிநாட்டுக் கொட்டான் போன்ற 2013-இன் வரிசைக்கும் பத்தாண்டு நிறைந்துவிட்டது. பத்தாண்டுகளில் எத்தனை பேர் பயனாளராகப் பதிந்தார்கள், அவர்களில் கூலிக்கு உழைப்போர் எத்தனை பேர், மூலப்பொருள் எங்கிருந்து என்ன விலைக்கு வருகிறது, போலிக்கு எதிராக எத்தனை வழக்குகள், நாள்கூலி அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று புதுப்பிக்கும்போது கேட்டுப் பதிவகத்தின் தளத்தில் தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் வெளியிட வேண்டும். பதில் தர முடியாத அமைப்புக்குக் குறியீட்டைப் பறிக்க வேண்டியதில்லை. பூம்புகாரோ வேளாண்மைப் பல்கலைக்கழகமோ அந்த ஊருக்குப் போய் ஓராண்டில் கணக்கெடுத்துத் தரும் பொறுப்பை ஏற்கலாம். கட்டணத்தை 500-இலிருந்து 10 ரூபாயாக்கியது நாடாளுமன்றம் அல்ல. சட்டத்தின் 87-ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்குத் தரும் விதி வகுக்கும் அதிகாரம்தான். புதுப்பிக்கும் படிவத்தில் இந்தக் கேள்விகளைச் சேர்க்கவும் அதே அதிகாரம் போதும்.